சட்டைப்பைக் கத்தியும் கவ்வாத்துக் கத்தியும்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்குச் சாயந்திரம்தான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரஜாவுரிமைக் காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில், பழைய அடையாள அட்டை, அப்பாயியின் ஒற்றைக் கொலுசு, கவ்வாத்துக் கத்தி ஒன்று, வில்லுக்கத்தி ஒன்று. கவ்வாத்துக் கத்தியை அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு விறகு அடுக்கியிருந்த பக்கம் போட்டார். வில்லுக்கத்திக்குத்தான் போட்டி. சித்தப்பா கேட்டார், மாமா மகன் கேட்டான். "சரித்திரம் படிக்கிற பிள்ளை, அதுக்கிட்டயே இருக்கட்டும்" என்று அப்பாயி சொன்னதால் எனக்குக் கிடைத்தது.

போட்டிக்குக் காரணம் கத்தியின் கதை. எங்கள் வீட்டில் சின்ன வயசிலிருந்து கேட்ட கதை அது: தம்பேதென்னையில் தாத்தாவின் அப்பா வேலை செய்தபோது லிப்டன் துரையே கையில் கொடுத்த கத்தி. அப்புத்தளைப் பக்கத்தில் பாதி வீட்டில் இப்படி ஒரு பொருள் இருக்கும். கடிகாரமோ கோட்டோ நாற்காலியோ, எதுவாக இருந்தாலும் 'துரை குடுத்தது'. நம்ம ஆட்கள் எதையுமே காசு கொடுத்து வாங்கியதில்லை போல!

கத்தியை மடக்கினால் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். பிடி ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, லேசாக வளைந்திருக்கிறது. பிடியின் இரண்டு பக்கமும் மான்கொம்பு. ஒரே ஒரு அலகு, நீளமாக, நுனி கூர்மையாக. வில்லுக்கத்தி என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று அதைத் திறந்து மூடியபோதுதான் புரிந்தது. நம்ம பேச்சில் ஸ்பிரிங்குக்கு வில்லு என்றும் சொல்லுவோமே, அந்த வில்லு. பிடியின் முதுகில் ஓடுகிற ஓர் எஃகுப் பட்டைதான் அலகைத் திறந்த இடத்திலும் மூடிய இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மூடும்போது 'டக்'கென்று ஒரு சத்தம்.

இந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை யூடியூபில் கத்தி சேர்க்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அலகு எப்படி நகர்கிறது என்பதை அவர்கள் கத்தியின் 'நடை' என்கிறார்கள். 'டக்' சத்தம் கத்தியின் 'பேச்சு'. நடையும் பேச்சும் நன்றாக இருந்தால் வில்லு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கத்தியின் வடிவத்துக்குக் கிட்ட வருகிற ஒரு வகையை அமெரிக்காவில் 'டூத்பிக்' என்கிறார்கள், அதாவது பல்லுக்குத்துகிற குச்சி! அதிலும் பெரிய அளவு என்றால் மடக்கியே 5 அங்குலம், கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் இருக்கும். ஒரே அலகு, வால் போல மெலிகிற வளைந்த பிடி. அதைச் சேர்க்கிறவர்கள் டசின் கணக்கில் வெல்வெட் துணியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிலர் தினமும் பையில் போட்டுக்கொண்டு ஆப்பிள் வெட்டுகிறார்கள், தர்ப்பூசணியில் குத்திப் பார்க்கிறார்கள், மீன் அறுக்கிறார்கள்.

பல்லுக்குத்துகிற குச்சி என்ற பெயர் ஒரு கேலி. முதலில் அந்தப் பெயர் மடக்குக் கத்திக்கு வைக்கப்பட்டதே இல்லை. 1830களில் அமெரிக்காவின் தெற்கில் ஆட்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த பெரிய கத்திகளுக்கு 'ஆர்கன்சா டூத்பிக்' என்று பெயர். எங்க ஊர் ஆட்கள் பல்லுக்குத்தவே இவ்வளவு பெரிய கத்தி வெச்சிருக்காங்க என்கிற மாதிரியான பெருமை கலந்த கிண்டல். 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு சண்டையில் ஜேம்ஸ் போவி என்பவர் பெரிய கத்தி ஒன்றால் பெயர் எடுத்தார். அதற்குப் பிறகு இந்தக் கத்திகளுக்கு ஒரு பைத்தியமே பிடித்தது. அரசாங்கங்கள் பயந்தன. 1837இல் அலபாமா ஒவ்வொரு கத்தி விற்பனைக்கும் 100 டொலர் வரி போட்டது. 1838இல் டென்னசி விற்பதையும் மறைத்து வைத்திருப்பதையும் தடை செய்தது. சட்டத்தின் வாசகத்திலேயே 'ஆர்கன்சா டூத்பிக்' என்று எழுதியிருக்கிறது. ஒரு கேலிப்பெயர் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு அந்தப் பெயர் சாதுவாகிச் சட்டைப்பைக்குள் மடங்கிவிட்டது.

இதில் நம்ம தலைவிதியோடு ஒட்டுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த அமெரிக்கக் கத்திகளில் ஏராளமானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவையே இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் செய்து, 'ஆர்கன்சா டூத்பிக்' என்று அலகிலேயே பொறித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அமெரிக்காதான் ஷெஃபீல்டின் பெரிய வாடிக்கையாளர். 1890 ஒக்டோபரில் மெக்கின்லி வரிச் சட்டம் வந்து வெளிநாட்டுச் சாமான்களுக்கு வரியை ஏற்றியபோது ஷெஃபீல்ட் கத்திக்காரர்கள் தலையில் இடி விழுந்தது. அதன் பிறகு அவர்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சந்தைகளை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அதே 1890இல்தான் கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, கோப்பி அழிந்து விலை விழுந்து கிடந்த தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்ன தொழிற்சாலையும் அந்த ஆண்டுக் கணக்குத்தான். 1893இல் ரயில் அப்புத்தளைக்கு வந்தது. மேலே வந்த பெட்டிகளில் ஷெஃபீல்ட் சாமான் இருந்தது, கீழே போன பெட்டிகளில் தேயிலை இருந்தது.

எங்கள் கத்தியும் ஷெஃபீல்ட்தான். அலகின் அடியில், பிடியோடு சேர்கிற இடத்தில் எழுத்துகள் இருக்கின்றன. பாதி தேய்ந்துவிட்டது. போனில் வெளிச்சம் போட்டு, சாய்த்துப் பிடித்து, மாவு தடவிப் பார்த்ததில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் தெரிந்தன. அது ஜோசப் ரொட்ஜர்ஸ் அன் சன்ஸ் கம்பெனியின் குறி. உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்த கத்திக் கம்பெனி. 1822இலிருந்து அரச குடும்பத்துக்குக் கத்தி செய்கிறவர்கள் என்ற பட்டம். சிங்களத்தில் ரொட்ஜர்ஸ் என்ற பெயரே 'முதல்தரமான' என்ற அர்த்தத்தில் புழங்கியது என்று ஷெஃபீல்ட் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். என் பெட்ச் சிங்கள நண்பர்கள் நாலு பேரிடம் கேட்டேன், யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருத்தன் மட்டும் "எங்க சீயாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். ரொட்ஜர்ஸ் கத்திகளில் அந்தந்த ராஜா ராணியின் எழுத்தைக் கிரீடத்தோடு அடிப்பார்கள். விக்டோரியா காலத்தில் வி, ஆர். அதாவது 1901 வரை. எங்கள் கத்தியில் தெரிந்தது ஜீ, ஆர். ஜோர்ஜ் ராஜா. நாலாம் ஜோர்ஜ் 1830இல் செத்துப்போனார், அப்போது லிப்டன் பிறக்கவே இல்லை. அடுத்த ஜோர்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910இல். ஆக எங்கள் கத்தி 1910க்கு முந்தியது இல்லை. 1890இல் தம்பேதென்னையில் லிப்டன் துரை யார் கையிலும் இதைக் கொடுத்திருக்க முடியாது. தாத்தாவின் அப்பா அப்போது பிறந்திருக்கவும் இல்லை, யோசித்துப் பார்த்தால் அதுவே போதும். ஆனால் இருபது வருஷம் நான் யோசிக்கவில்லை பாருங்கள்.

இதை வீட்டில் சொல்லப் பயமாக இருந்தது. சரித்திரம் படிக்கப் போன பிள்ளை முதலில் வீட்டுச் சரித்திரத்தையே உடைக்கிறது என்பார்கள். அப்பாவுக்குக் கோபம்தான். "ஒரு எழுத்தை வெச்சு எல்லாம் தெரிஞ்சிருச்சாக்கும்." அப்பாயி மட்டும் சிரித்தார். "அது பண்டாரவளைச் சந்தையில வாங்குனதுன்னு ஒங்க பாட்டனே சொல்லுவாரு. லிப்டன் கதை ஒங்க தாத்தா ஊத்துனது. வாங்குனதுன்னு சொன்னா எவன் மதிப்பான்?"

அந்தக் கடைசி வாக்கியம் பல நாள் மண்டைக்குள் ஓடியது. துரை கொடுத்தால் மதிப்பு, நம்ம ஆள் உழைத்த காசில் வாங்கினால் மதிப்பில்லை. பாட்டன் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆள் கங்காணிக்குக் கடனோடுதான் வருவார். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' என்கிற சீட்டு இருந்தால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்ததே 1921இல்தான். அப்படிப்பட்ட உலகத்தில் பிறந்த ஒரு மனுஷன் சந்தைக்குப் போய், உலகத்தில் முதல்தரம் என்று பெயர் எடுத்த கத்தியைத் தேர்ந்தெடுத்து, திறந்து மூடிச் சத்தம் கேட்டு, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். எனக்கு இது லிப்டன் கதையைவிடப் பெரிய கதையாகத் தெரிகிறது.

பிடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மான்கொம்புப் பிடிக்கு ஷெஃபீல்ட்காரர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது இந்தியாவின் கடமான் கொம்பை. நம்ம பக்கத்தில் மரை என்கிறோமே, அதுதான். அதன் கொம்பு நடுவில் அதிகம் பொந்து இல்லாமல் கெட்டியாக இருக்கும், மேலே வரிவரியாகச் சொரசொரப்பாக இருப்பதால் ஈரக் கையில் வழுக்காது. மரம் ஏறுகிற விலைக்குக் கொம்பு போய்க்கொண்டிருந்த காலம். 1990களின் கடைசியில் இந்தியா கொம்பு வியாபாரத்தை நிறுத்தியதிலிருந்து அமெரிக்காவில் அசல் கொம்புப் பிடி போட்ட கத்திக்கு விலை ஏறிவிட்டது. மற்றக் கத்திகளுக்கு மாட்டெலும்பைக் கொத்திச் சாயம் போட்டுக் கொம்பு மாதிரி ஆக்குகிறார்கள்.

அப்புத்தளையிலிருந்து ரயிலில் இதல்கஸ்ஹின்ன தாண்டி ஒஹியவில் இறங்கினால் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறலாம். இன்றைக்குப் போனால் மரைகள் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் வந்து பிஸ்கட் கேட்கின்றன. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848இலிருந்து 1855 வரைக்கும் நுவரெலியாவில் இருந்துகொண்டு இந்த மலைகளில் வேட்டை நாய்களை விட்டு மரையைத் துரத்தி, நாய்கள் மடக்கி நிறுத்தியதும் கிட்டப் போய்க் கத்தியால் குத்திக் கொன்றார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். தன் வேட்டைக் கத்தி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எப்படிச் செய்தது என்பதையெல்லாம் ரசித்து எழுதியிருக்கிறார். துரைமார் கத்திக்கு இப்படி ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது. கண்டிப் பிரதானிகள் இடுப்பில் வைத்திருந்த வெள்ளிப் பூவேலைக் கத்திகளுக்கும் கிடைத்திருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் சிங்களக் கலைகளைப் பற்றி எழுதினார், லண்டன் மியூசியங்களில் அந்தக் கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

அப்பா விறகுப் பக்கம் போட்ட கத்தியை நான் போய் எடுத்து வந்தேன்.

கவ்வாத்துக் கத்திக்கு ராஜா எழுத்து எதுவும் இல்லை. வளைந்த அலகு, மரப் பிடி, மடங்காது. தாத்தாவின் கத்தியில் அலகு பாதிதான் மிச்சம். தீட்டித் தீட்டிக் கத்தி உள்ளே போய், பிறை நிலா மாதிரி ஆகிவிட்டது. பிடியில் பெருவிரல் பதிகிற இடத்தில் ஒரு பள்ளம். என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், சேரவில்லை. அவர் கை பெரிது.

தேயிலையை அப்படியே விட்டால் மரமாகிவிடும், இரண்டாள் மூன்றாள் உயரம் போகும். அதைக் கொழுந்து பறிக்கிற உயரத்தில் வைத்திருப்பதே கத்திதான். எங்கள் உயரத்துத் தோட்டங்களில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மலையை முழுக்கக் கவ்வாத்து வெட்டுவார்கள். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய விட்டு மேலே இருக்கிறதையெல்லாம் எடுத்துவிடுவது. வெட்டிய மலையைப் பார்த்தால் ஏதோ தீப்பிடித்து அணைந்த மாதிரி இருக்கும், குச்சி குச்சியாக. ஒரு செடி முழுசாக மொட்டையானால் வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை மட்டும் வைத்துத்தான் மறுபடி துளிர்க்க வேண்டும். சத்து குறைவாக இருந்தால் செத்துப்போகும். அதனால் வெட்டுவதற்கு முன் வேரைக் கொஞ்சம் அறுத்து அயடின் தடவிப் பார்க்கிற முறையும் இருக்கிறது. கறுப்பாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மலைநாட்டில் ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விட்டுவிட்டு மற்றதை மட்டும் வெட்டுகிற வழக்கமும் உண்டு. அந்தக் கிளைக்கு ஆங்கிலத்தில் நுரையீரல் என்றே பெயர். செடி அதால மூச்சு வாங்கும்.

வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும். இரண்டாவது முறை கொத்தினால் கிளை சிலும்பும், பட்டை கிழியும், மழைத்தண்ணி இறங்கி உள்ளே உளுத்துப்போகும். வெட்டு வாய் சாய்வாக இருக்க வேண்டும், தண்ணி நிற்கக் கூடாது. குனிந்தபடி, சரிவில் காலை ஊன்றிக்கொண்டு, ஒரு செடியில் இருபது முப்பது கிளை. அப்படி ஒரு நாளைக்கு எத்தனை செடி என்று கணக்குக் கொடுப்பார்கள். கணக்கை முடித்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். தாத்தா மடியில் ஒரு தீட்டுக்கல் வைத்திருப்பாராம். நாலைந்து செடிக்கு ஒருமுறை இரண்டு இழுப்பு. தேயிலைக் கிளை கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி இடையில் புகுந்தார். "கணக்கு முடிச்சுட்டு ஒரு மணிக்கெல்லாம் வந்து படுத்துக்குவாரு ஒங்க தாத்தா. நாங்க அஞ்சு மணி வரைக்கும் கொழுந்தோட நிக்கணும். வெட்டுன மெலாரை அள்ளிக் கட்டித் தலையில தூக்கிட்டு வர்றதும் நாங்கதான்." கவ்வாத்து ஆண்களின் வேலை, கொழுந்து பெண்களின் வேலை. இரண்டுக்கும் ஒரே பேர்தான், நேரம் மட்டும் வேற. தாத்தாவின் திறமையை நான் உருகி உருகி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன் அப்பாயி.

கவ்வாத்து என்ற சொல்லே வேடிக்கையானது. கவாத்து என்றால் தமிழில் பட்டாளத்து டிரில்லும்தான், செடி வெட்டுகிறதும்தான். காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, கையில் கத்தியோடு மலைக்கு ஏறுகிற ஐம்பது ஆண்களைத் தூரத்திலிருந்து பார்த்த யாருக்காவது இரண்டு அர்த்தமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

அங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஐம்பது ஆண்கள், ஐம்பது கூர்மையான கத்திகள், ஒரு துரை, இரண்டு கணக்கப்பிள்ளை. தோட்டம் இதற்குப் பயப்படவில்லை. தானே கத்தியைக் கொடுத்தது. தாத்தாவின் தோட்டத்தில் கத்தி தோட்டத்துச் சாமான், தேய்ந்து முடிந்தால் பழையதைக் காட்டிவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். (பெட்டியில் இருந்தது எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.) ஆனால் அதே ஆளின் சட்டைப்பையில் இருக்கிற கத்தி என்று வந்துவிட்டால் அரசாங்கத்தின் முகம் மாறிவிடும். பிரிட்டிஷ் காலத்து அதிகாரிகள் இந்தத் தீவில் நடந்த கொலைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் சனங்கள் கத்தி வைத்திருக்கிற பழக்கத்தின் மேல் பழியைப் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. அந்தக் கத்திகளில் நல்லவை ஷெஃபீல்டிலிருந்து வந்தவை, விற்றவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

இது இலங்கைக்கு மட்டுமான விஷயமும் இல்லை. டென்னசிச் சட்டம் வெள்ளைக்காரர்களின் டூத்பிக்கைப் பற்றிக் கவலைப்பட்ட அதே காலத்தில், அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் எஜமானின் அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் லூசியானாக் கரும்புத் தோட்டத்தில் அவர்கள் கையில் இருந்தது கை நீளக் கரும்புக் கத்தி. தோட்டத்துக்கு வேலை செய்கிற நேரத்தில் அது கருவி. மடக்கிப் பைக்குள் போட்டு உன்னுடையது என்று சொன்னால் ஆயுதம். எந்தக் கத்தி பெரிது என்பது கேள்வியே இல்லை, யாருடைய கத்தி என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டிலேயே கவ்வாத்துக் கத்தி வில்லுக்கத்தியைப் போல் இரண்டு மடங்கு பெரிது.

தாத்தா இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை, 1983இல் தெரிந்துகொண்டார். அதுவரைக்கும் வில்லுக்கத்தி அவர் சட்டைப்பையில்தான் இருந்ததாம். பாக்கு சீவ, புகையிலை நறுக்க, தோடம்பழம் உரிக்க. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதோடுதான். ஜூலை 27ஆம் திகதி கலவரம் பதுளைக்கு வந்தது, பிறகு பண்டாரவளைப் பக்கம். கடைகள் எரிந்தன. லயத்து ஆட்கள் ராத்திரி தேயிலைக்குள்ளே படுத்துக் கிடந்தார்கள். அந்த ராத்திரிகளில் ஆண்கள் எல்லாரும் கவ்வாத்துக் கத்தியைப் பக்கத்தில் வைத்திருந்ததாக அப்பாயி சொல்கிறார். எதுவும் நடக்கவில்லை, எங்கள் லயத்துக்கு யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது செக்கிங். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்தே இருந்தது, இப்போது ரோட்டுக்கு இறங்கிவிட்டது. பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், பையைத் தட்டுவார்கள். பிரஜாவுரிமையே இழுபறியாக இருந்த ஒரு தோட்டத்துத் தமிழன், பையில் கூரான மடக்குக் கத்தி. என்ன சொல்லி விளக்குவது? பாக்கு சீவ என்று சிங்களத்தில் சொல்லத் தெரியும், நம்புவார்களா என்பதுதான் தெரியாது.

கத்தி பெட்டிக்குள் போனது. பிறகு வெளியே வரவில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில், புனர்வாழ்வுக்கென்று வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபது பேருக்கு மேல் ஊர்க்கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். கத்தி, பொல்லு, நெருப்பு. பொலிஸ் பக்கத்திலேயே இருந்தது. பாட்டன் கத்தி வாங்கிய அதே பண்டாரவளை. தாத்தா அந்த வருஷமும் காலையில் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில்தான் நடந்து மலைக்குப் போனார். செக்பொயின்டில் அவரை ஒருநாளும் நிறுத்தவில்லை. அந்தக் கத்தி கையில் இருந்தால் அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்து பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் காகிதம் சேர்ந்தது. வில்லுக்கத்தி அதற்கடியில் கிடந்தது. யோசித்துப் பார்த்தால், நாற்பது வருஷம் அது தீட்டப்படாமலும் உரசப்படாமலும் கிடந்ததால்தான் எனக்கு அந்த ஜீ, ஆர் எழுத்து தெரிந்தது. வெளியே இருந்திருந்தால் தாத்தா தீட்டியே அழித்திருப்பார், நான் இன்றைக்கும் லிப்டன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கத்தி சேர்க்கிறவர்களின் உலகத்தில் இதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள். தீட்டாதே, பொலிஷ் போடாதே, விலை விழும். அமெரிக்காவின் கேஸ் கம்பெனி 1970இலிருந்து அலகில் பத்துப் புள்ளி அடித்து, வருஷத்துக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. புள்ளியை எண்ணினால் எந்த வருஷத்துக் கத்தி என்று தெரிந்துவிடும். எலும்புப் பிடியா கொம்புப் பிடியா, எத்தனை அலகு, எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. ஒரு சாதாரண விவசாயியின் பைக் கத்திக்கு இவ்வளவு பதிவு இருப்பதைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பொறாமை வந்தது. தாத்தா கை பட்ட கவ்வாத்துக் கத்திகள் பத்துக்கு மேல் இருக்கும். மிச்சம் இருப்பது ஒன்று, அதுவும் பாதி.

ஹந்தானை தேயிலை மியூசியத்துக்கு ஸ்கூல் டிரிப்பில் போயிருக்கிறேன். 1925இல் கட்டிய பழைய ஃபெக்டரி, 2001இல் மியூசியமாக்கினார்கள். அரைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின், ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள். அங்கே மெஷின்களுக்கு முன்னால் படம் பிடித்துக்கொண்டு வந்தோம். கம்பளைக்குக் கிட்ட, பாரதெக்கவில், தோட்டத் தொழிலாளர் மியூசியம் ஒன்று 2007இலிருந்து இருக்கிறது, பழைய லய அறைகளிலேயே. நம்ம ஆட்களின் சட்டி பானை, கூடை, கருவிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கிற மலையகத்துப் பிள்ளைகள் ஹந்தானைக்குப் போகிற வழியில் அங்கேயும் ஒருமுறை போய்ப் பாருங்கள், தூரம் அதிகமில்லை.

இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கவ்வாத்துக்கு மெஷின் வந்துவிட்டது. முதுகில் எஞ்சின், கையில் சுழல்கிற அலகு. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கொழும்புக்குப் போய்விட்டார்கள், என் வயசு ஆண்கள் கத்தி பிடிக்கத் தயாராக இல்லை. நானும் தயாராக இல்லை, அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. தாத்தாவின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே வீச்சில், சாய்வாக, சிலும்பாமல் வெட்டத் தெரிந்த கடைசி ஆட்கள் இன்னும் லயங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை மூன்று பேர். மூன்று பேரும் முதலில் சொன்னது, "இதையெல்லாம் எதுக்குமா கேக்குற?"

கம்பஸுக்குத் திரும்பிப் போகும்போது வில்லுக்கத்தியைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புத்தளை ஸ்டேஷன் வரைக்கும் எடுத்துக்கொண்டும் போனேன். பிளாட்ஃபார்மில் ரெண்டு பொலிஸ்காரர்கள் சும்மா பேசிக்கொண்டு நின்றிருந்தார்கள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. என்னமோ தோன்றியது, வழியனுப்ப வந்த தம்பி கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அப்பாயி அதைத் தீட்டிவிட்டார். இப்போது அதில்தான் பாக்கு சீவுகிறார். கவ்வாத்துக் கத்தி என் அறையில் சுவரில் மாட்டியிருக்கிறது, அதை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளையா?" என்று கேட்டார்.